பெயர் சிதையாமல் எழுதுவோம்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறி நிரல் கற்கின்றனர். அவர்கட்குப் பயன்படும் செய்தி ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம்.

இந்நகரின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய கணிப்பொறிக்கு, 1962இல் நேரு 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார். அதனை உருவாக்கிய குழுவை நடத்தியவர் சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன். விடையைத் திரையிலும் காட்டும் ஏற்பாடு அதில் இருந்தது. கணக்கு ஒன்று, விடை சென்று சேரும் இடமோ பல. இடம் மாறுந்தோறும் கணக்கையே மாற்றி எழுதுவது வீண் உழைப்பன்றோ?

பொருள்நோக்கு நிரலாக்கம் இதற்குக் கண்ட வழி எளியது. பைத்தான் மொழியின் 'பிரின்ட்' கட்டளை, தான் எழுதுமிடம் உண்மையான கோப்புதானா என்று ஆராய்வதில்லை. எழுத்துத் தொடரை ஏற்கும் 'ரைட்' என்னும் செயல் அங்கிருந்தாற் போதும். அஞ்சற்பெட்டியில் மடலிடுவோர்க்கு வாய்த்திறப்பு ஒன்றே வேண்டும். மடல் எவ்வண்டியிற் செல்லும் என்ற கவலை வேண்டா. ஆகவே, திரையிலும் கோப்பிலும் ஒருங்கே எழுதும் 'கிளாஸ்' ஒன்றை நாமே அமைக்கலாம். நீண்ட பெயர்களை அளவாக வெட்டி எழுதுவதையும் அமைக்கலாம்.

இவ்விடத்தில்தான் தமிழர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'கண்ணன்' நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடு முறையில் 6 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகள். 5 குறிகளோடு வெட்டினால் இறுதிப் புள்ளி நீங்கிக் 'கண்ணன' ஆகும். பைட்டுக் கணக்கில் 16இல் வெட்டினாலோ, இறுதியில் படிக்கவியலாத சிதைவே எஞ்சும். புள்ளியும் உயிர்க்குறியும் மெய்யை விட்டுப் பிரியாதவாறு எண்ணும் வேலையை 'ரைட்' செயலுக்குள் ஒருமுறை அமைத்துவிட்டால், அதன்வழிச் செல்லும் பெயரெல்லாம் பிழைக்கும்.

மேலும் ஒன்று. 'பிரின்ட்' பெயரைத் தனியாகவும் வரிமுடிவைத் தனியாகவும் அனுப்பும். ஆதலின் வரி முடியுமளவும் சேர்த்துவைத்துப் பின்னரே வெட்டுதல் முறை. சேர்த்துவைத்தது இறுதியில் தேங்கிவிடாதிருக்க, எஞ்சியதை வெளியேற்றும் 'ஃப்ளஷ்' செயலையும் உடன் அமைக்க வேண்டும். இன்றேல் வரிமுடிவின்றி அனுப்பப்பட்ட கடைசிப் பெயர் வாராமலே போகக்கூடும்.

ஊர்விட்டு வந்த குடும்பத்திற்குப் பெயரே முதற்சொத்து. பள்ளிச் சான்றில் ஒரு புள்ளி குறைந்தாலும், திருத்தம் வேண்டி அலுவலகப் படிகளை ஏறி இறங்குபவர் பெற்றோரே. நம் பிள்ளைகள் சங்க உறுப்பினர் பட்டியலை அச்சிடுவதையே முதற் பயிற்சியாகக் கொள்வார்களாக. அவர்கள் எழுதும் நிரலில் எவர் பெயரும் குறையாதிருக்கட்டும்.