பொங்கல் முடிஞ்சாச்சு... தொட்டியைக் கவனிச்சாச்சா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கல் விடுமுறையும் முடிகிற நாட்களில் பெரும்பாலான மாடித்தோட்டங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆடியில் வைத்த கத்தரி வெறும் குச்சியாக நிற்கும். ஒரு தொட்டியில் பாசி படர்ந்திருக்கும். இன்னொன்றில் யாரும் விதைக்காத குப்பைமேனி செழித்து வளர்ந்திருக்கும். கீழே சமையலறை அலமாரியில், புதிதாக வாங்கிய விதைப் பாக்கெட்டுகள் நாள் பார்த்துக் காத்திருக்கும்.

தைப்பட்டம் ஆரம்பமாகிவிட்டது. வெயில் இதமாக இருக்கிறது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மனதிலும் உற்சாகம் இருக்கிறது. 20 பை போதுமா, 30 வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும். அதே மாடியில் மே மாதம் ஏறிப் பார்த்தால் பூ கொட்டிய தக்காளியும், மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்தியும், காய்ந்து வெடித்த மண்ணும் இருக்கும். ஜூனில் பைகள் மடிக்கப்பட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடும். "நமக்குக் கைராசி இல்லைப்பா" என்று ஒரு தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

கைராசியைக் குற்றம் சொல்வதற்கு முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. தையில் விதைப்பவர்கள் வழக்கமாக இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். அக்னி நட்சத்திரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் பாதிச் சிக்கல் விதைப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

தமிழ் மாதக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயர் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரம் அந்த இளவேனிலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு நிஜமான வசந்தம் இப்போது நடப்பதுதான். தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை சுமார் 70 நாட்கள். (ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இன்னும் உறைபனி பயம் இருக்கிறது.)

தக்காளியை எடுத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். விதைத்து 25 நாளில் நாற்று தயாராகும். மாற்றி நட்டு ஒரு மாதத்தில் பூ வரும். அதன் பிறகு ஒரு மாதம் போல ஆகும் பழம் பறிக்க. பொங்கல் சமயத்தில் விதை போட்டால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நடலாம், மார்ச் நடுவில் பூக்கும், ஏப்ரலில் பழம் கிடைக்கும். இதையே சோம்பலாகப் பிப்ரவரி கடைசியில் விதைத்தால் பூ வருவது ஏப்ரல் கடைசியில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. செடி பச்சையாக, அழகாக நிற்கும். பூ மட்டும் காம்போடு கழன்று விழும். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை, மோர்க்கரைசல் தெளித்தும் பெரிய பயனில்லை. ஆக, தக்காளி வேண்டும் என்கிறவர்கள் இந்த வாரமே விதைக்க வேண்டும்; தாமதமாகிவிட்டால் நர்சரியில் நாற்று வாங்கி நட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் நம் ஊர்ச் சூழலுக்குப் பழகியது.

மிளகாய்க்கு நாற்றுப் பருவமே 40 நாள். இப்போது விதை போட்டு உட்கார்ந்தால் காய் வரும்போது மே வந்துவிடும். எனவே நாற்றுதான் வழி. கத்தரிக்கும் நாற்று வாங்குவதே லாபம்.

வெயிலை விரும்பும் செடிகள் தனிக்கூட்டம். வெண்டை விதைத்த 45-ஆம் நாள் முதல் பறிப்பு தரும். பிப்ரவரி முதல் வாரத்தில் விதைத்தால் மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம். கோடையில் வெண்டைக்கு எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போன்ற, அந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கலாம். கொத்தவரையும் தட்டைப்பயறும் இன்னும் கெட்டி. மற்றதெல்லாம் வாடும் வெயிலிலும் கொத்தவரை கொத்துக்கொத்தாகக் காய்த்துக்கொண்டிருக்கும். முதன்முறை தோட்டம் போடுகிறவர்கள் தக்காளிக்கு ஆசைப்படுவதைவிட இதில் ஆரம்பித்தால் மனம் உடையாது.

கொடிக் காய்களில் வெள்ளரி 45 நாள், பீர்க்கும் பாகலும் 55 முதல் 60 நாள். புடலைக்கு 75 நாளுக்கு மேல் ஆகும். இடம் குறைவாக இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 புடலை பொருத்தமானது. காய் குட்டையாக இருப்பதால் பந்தல் தாழ்வாக இருந்தாலும் தரையில் இடிக்காது. கொடிக்கு 18 அங்குலப் பையாவது வேண்டும். பந்தலையோ வலையையோ விதைக்கும் முன்பே கட்டிவிட வேண்டும். கொடி படரத் தொடங்கிய பின் குச்சி தேடி ஓடினால் வேர் அறுபடும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. பாகலும் வெள்ளரியும் காலையில் பூக்கும். பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் மாலையில்தான் மலரும். மாடியில் தேனீ குறைவாக இருந்தால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டு விட வேண்டியிருக்கும். பூவுக்குக் கீழே பிஞ்சு போல இருப்பது பெண் பூ. காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு மலரும் பீர்க்கை வைத்தால் இந்த வேலை சுலபம்.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடலாம். காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் எல்லாம் வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். பிள்ளைகளும் கேட்பார்கள். சமவெளியில் அதற்கான நேரம் முடிந்துவிட்டது, ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம். கொத்தமல்லியும் வெயில் ஏறினால் இலை விடாமல் பூவுக்குத் தாவும். இப்போது ஒரு தட்டு, மாசியில் ஒரு தட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுகீரை, தண்டுக்கீரைக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று வாரத்தில் பறிப்புக்கு வருவதால் குழந்தைகளின் பொறுமைக்கும் அதுதான் சரி.

இனி எத்தனை பை என்ற கேள்வி. இதற்கு விடை மாடியின் அளவில் இல்லை, மே மாதத் தண்ணீரில் இருக்கிறது. நன்கு வளர்ந்த செடி உள்ள 12 அங்குலப் பைக்குக் கடும் கோடையில் தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். 20 பை என்றால் நாளொன்றுக்கு 40 லிட்டர் வரை, அதாவது இரண்டு மூன்று வாளி. கொடிக்கு அதைவிட அதிகம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் மே மாதத்தில், செடிக்கு மூன்று வாளி என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது அவரவருக்குத் தெரியும். 30 பை வைத்து 20 காய்வதைவிட 10 பை வைத்துப் பத்தும் காய்ப்பது மேல்.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் செடிக்கு ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் மட்டும் நிதானம் வேண்டும். அதில் உப்பு செறிந்திருக்கும். மழைக்காலத்தில் மழையே கழுவிவிடும். கோடையில் அது பையிலேயே தங்கும். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புதான். இலை நுனி கருகுவதும் அதனால் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை.

இப்போது மண்ணுக்கு வருவோம். தையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான். மூன்று மாத மழை பையில் இருந்த சத்தைக் கரைத்துக் கீழ் ஓட்டை வழியாகக் கொண்டுபோயிருக்கும். தேங்காய் நார்க்கழிவு மக்கி அமுங்கியிருக்கும். பை நிறைய இருந்த கலவை முக்கால் பையாகத் தெரிவது அதனால்தான். மேலே ஒரு கைப்பிடி உரம் தூவி, அப்படியே விதையை ஊன்றுவது பலரின் வழக்கம். அதில்தான் பட்டம் பாதி தோற்கிறது.

பையைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். பழைய வேரை எடுத்துப் பார்க்க வேண்டும். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. (பயறுச் செடிகளின் வேரில் இருப்பது நல்ல முடிச்சு. அதைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது போல இருக்கும்.) நூற்புழு கண்ட மண்ணில் மறுபடி தக்காளியோ கத்தரியோ வெண்டையோ வைப்பது அந்தப் புழுவுக்கு விருந்து வைப்பதுதான். அந்த மண்ணை ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் மூடிக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் விட்டு, பிறகு அதில் துலுக்க சாமந்தி வைக்கலாம். நோயில்லாத மண் என்றால் தார்ப்பாயில் பரப்பி ஒரு வாரம் காயவிட்டால் போதும்.

காய்ந்த மண்ணை உதிர்த்து, அதோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ சேர்த்து, குறைந்த அளவுக்கு நார்க்கழிவு புதிதாகக் கலக்க வேண்டும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசினால்தான் அதிலுள்ள உப்பு போகும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்ததும் லேசாக நீர் தெளித்து பத்து நாள் நிழலில் விட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடு வரும். அன்றே விதைத்தால் முளை வெந்துபோகும். இந்தப் பத்து நாளைக் கழித்துப் பார்த்தால் விதைக்கும் தேதி பிப்ரவரிக்குள் வந்துவிடும். அதனால்தான் பை கவிழ்க்கும் வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக் கூடாது.

அந்தப் பத்து நாளில் விதையைச் சோதிக்கலாம். போன வருட விதை மழை ஈரத்தில் நமத்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்துணியில் பத்து விதையை முடிந்துவைத்து நான்கைந்து நாளில் பிரித்தால், ஏழாவது முளைத்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் புது விதை வாங்குவதே நல்லது. பாகல், புடலை விதைகளுக்குத் தோல் தடிமன். இவற்றை இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்துவைத்த விதை முளைக்கும், ஆனால் தாய்ச்செடி போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது.

நிழல்வலை ஏப்ரலில்தான் தேவை. ஆனால் அதற்கான கம்பத்தை இப்போதே நட்டுவிடலாம். செடிகள் வளர்ந்து நிற்கும்போது நடுவில் புகுந்து வேலை செய்ய முடியாது. 50 சதவீத நிழல்வலை போதும். மேற்குப் பக்கம் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் பிற்பகல் வெயில் மட்டுப்படும். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்லின் மேல் வைத்தால் வேருக்கும் நல்லது, தளத்துக்கும் நல்லது.

பூச்சிக்கு இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வேப்ப எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லியைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக, கோடை விடுமுறை. பரீட்சை முடிந்ததும் பாட்டி ஊர், குலதெய்வம் கோயில், கல்யாணம் என்று பத்து நாளாவது வீடு பூட்டியிருக்கும். காய்ப்பில் இருக்கும் செடிக்கு அந்தப் பத்து நாள் போதும், கதை முடிந்துவிடும். ஊருக்குப் போகும் வாரம் இப்போதே தெரிந்தால் அதற்கு முன் பறிப்பு முடியும்படி கீரை, வெள்ளரி என்று குறுகிய காலப் பயிராகத் தேர்ந்தெடுக்கலாம். தெரியாதவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதே பேசி வைக்கலாம். கிளம்பும் முன் எல்லாப் பைகளையும் வலைக்கடியில் நெருக்கி வைத்து, மண்ணின் மேல் காய்ந்த இலையையோ தேங்காய் மட்டையையோ மூடி, எந்தப் பைக்கு எத்தனை மக் என்று பையின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிட வேண்டும்.

அந்தப் பத்து நாளில் காய்ப்பதெல்லாம் அவர்கள் வீட்டுக் குழம்புக்குத்தான் என்றும் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். கூச்சப்பட்டுப் பறிக்காமல் விட்டால் வெண்டை முற்றிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூ வைப்பது குறைந்துவிடும்.