உட்வர்ட் சாலையில் பழைய கார்கள்: வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி, ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ஒரு திருவிழா நடக்கும். பெயர் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். மேடை இல்லை, டிக்கெட் இல்லை, தலைமை விருந்தினர் இல்லை. பழைய கார்கள் சாலையில் மெதுவாகப் போகும், திரும்பி வரும். அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வருவதாக அமைப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

ஃபெர்ண்டேல் என்ற சிறு ஊரில் கால்பந்து மைதானம் ஒன்றுக்குப் பணம் திரட்ட 1995-இல் தொடங்கிய விஷயம் இது. முதல் ஆண்டே இரண்டரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு! கொரோனா காரணமாக 2020-இல் மட்டும் நின்றது.

இதே ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சிலும் புகழ்பெற்ற கார் கண்காட்சி நடக்கிறது. அங்கே புல்வெளியில் கோடீஸ்வரர்களின் கார்கள் நிற்கும். உள்ளே போகவே நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். உட்வர்டில் ஓட்டுபவர் பெரும்பாலும் சாதாரண மனிதர். தன் வீட்டுக் கராஜில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தானே சரிசெய்த காரைத்தான் கொண்டு வருவார். என் ஓட்டு உட்வர்டுக்குத்தான்.

சரி, போவதென்று முடிவு செய்துவிட்டால் என்ன செய்யலாம்?

1. சனிக்கிழமையை மட்டும் நம்பாதீர்கள். அன்று போக்குவரத்து நகராது, பார்க்கிங் கிடைக்காது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் மாலை வேளைகளில் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. மிச்சிகனில் 26 ஆண்டுகள் தாண்டிய கார்களுக்குத் தனி நம்பர் பிளேட் வாங்கலாம். அந்தப் பிளேட் உள்ள காரை அணிவகுப்பு, கண்காட்சி போன்றவற்றுக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். புதன், வியாழன் மாலையில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

2. இடம் பார்த்து நில்லுங்கள். ஃபெர்ண்டேலிலிருந்து பாண்டியாக் வரை சுமார் 16 மைல். முழுவதையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க முடியாது. உட்வர்டின் நடுவே அகலமான புல்திட்டு உண்டு. கார்கள் அதிலுள்ள இடைவெளிகளில் யூ-டர்ன் போட்டுத் திரும்பும். அதற்கு எதிரே நின்றால் ஒவ்வொரு காரும் வேகம் குறைத்து, முழு உடம்பையும் காட்டிவிட்டுப் போகும். படம் எடுப்பவர்கள் காலையில் சாலையின் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்.

3. மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி. குழந்தைகள் இருந்தால் காதுக்குப் பஞ்சு. ஆஸ்துமா உள்ளவர்கள் சாலையோரத்திலிருந்து தள்ளி உட்காருவது நல்லது. 1975-க்கு முந்தைய அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது.

4. கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பின்பக்கம் மீன் துடுப்பு போல் எழுந்து நிற்கும் வடிவம் 1948 காடிலாக்கில் வந்தது. 1959-இல் உச்சத்தைத் தொட்டது. நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைத் திணித்து 1964-இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ., இந்தச் சாலையின் வடகோடியிலுள்ள பாண்டியாக் ஊரின் பிள்ளை. அந்தப் பிராண்டையே 2010-இல் மூடிவிட்டார்கள். இது தெரிந்தால், ஒரு ஜி.டி.ஓ. போகும்போது கரையில் நிற்கும் பெரியவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள் என்பது புரியும்.

5. காரைத் தொடாதீர்கள், உரிமையாளரிடம் பேசுங்கள். நிறுத்திய காரின் பானெட் திறந்திருந்தால், "வந்து கேள்" என்று அர்த்தம். "விலை என்ன?" என்பதைவிட "எந்த பாகம் கிடைக்கக் கஷ்டப்பட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கதை கிடைக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காரை நின்ற இடத்திலேயே வைத்து, பின் டயரை மட்டும் சுழலவிட்டுப் புகை கிளப்புவதை "பர்ன்அவுட்" என்பார்கள். கரையில் நிற்கும் கூட்டம் கையை ஆட்டி, கத்தி, அதைக் கேட்கும். ஓட்டுபவர் உசுப்பேறிச் செய்வார். போலீஸ் அபராதம் போடுவது அவருக்கு. அறுபது ஆண்டுப் பழைய காரின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இன்றைய கார் போல இருக்காது. டயர் பிடிப்பு இழந்தால் கார் எந்தப் பக்கம் பாயும் என்று அவருக்கே தெரியாது. நடைபாதையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது குழந்தைகள்.

"1960-களில் உட்வர்டில் ராத்திரி பந்தயமே ஓடியதே, அதுதானே இதன் ஆன்மா?" என்று கேட்பார்கள். ஓடியது உண்மைதான். ஆனால் அப்போது கரையில் லட்சக்கணக்கில் ஜனம் உட்கார்ந்திருக்கவில்லை. டிக்கெட் இல்லாத திருவிழாவுக்கு வேலியும் இல்லை. பார்வையாளரின் நிதானம்தான் வேலி. விபத்துகள் பெருகினால் அந்த ஊர்கள் அனுமதியை மறுத்துவிடும். அப்போது மிச்சம் இருப்பது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் புல்வெளிக் கண்காட்சி மட்டுமே. ஆகவே கத்தாதீர்கள். பக்கத்தில் கத்துபவருக்குச் சேர்ந்து கை தட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஊர்வலம் பெரும்பாலும் எட்டாவது மைல் சாலைக்கு வடக்கேதான். அந்தச் சாலைதான் டெட்ராய்ட் நகரின் எல்லை. வெள்ளையர் புறநகருக்கும் கறுப்பர் நகருக்கும் நடுவே நெடுங்காலம் கோடாக இருந்ததும் அதுவே. ஆனால் கார் பிறந்தது தெற்கே. அதே உட்வர்டில் ஹைலாண்ட் பார்க்கில்தான் 1913-இல் ஃபோர்டின் நகரும் அசெம்ப்ளி லைன் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை 93 நிமிடமாகக் குறைந்தது. இன்னும் தெற்கே, மாடல் டி 1908-இல் உருவான பிகெட் அவென்யூ தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். பளபளக்கும் காரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கும்போது, அதைச் செய்த கைகள் வேலை பார்த்த இடத்துக்கும் அரை நாள் ஒதுக்குவதுதான் நியாயம்.