பல திறன்களும் ஒரு பாதையும்

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது பழமொழி. பல்வேறு திறன்கள் வாய்க்கப்பெற்ற மாணவர் மேனிலைக் கல்வியின் முடிவில் இத்தச்சனின் நிலையை அடைகின்றனர். சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுக்குக் கணக்கும் வரும், மேடைப்பேச்சும் வரும், ஓவியமும் வரும். அவ்வூரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி உள்ளது. திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி உள்ளது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏனையவை மடிந்துவிடுமோ என அவள் அஞ்சுகிறாள். மழையை நம்பி விதைக்கும் குடும்பத்தில் தவறான தேர்வின் சுமை பெரிது. ஆதலின், அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது.

இதற்கு விடை காண நெல்லைச் சீமையின் அறிஞர் மூவரை நோக்கலாம். மூவரும் சட்டம் பயின்றவர்கள். மூவரும் தமிழில் தோய்ந்தவர்கள்.

1891இல் பிறந்த எஸ். வையாபுரிப்பிள்ளை திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக விளங்கினார். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது அப்பேரகராதி. சான்றுகளை ஆராய்ந்து பொருள் துணியும் அப்பணிக்கு, வழக்காடு மன்றப் பயிற்சி துணைநின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

இராசவல்லிபுரத்தில் 1896இல் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளையும் வழக்கறிஞராக இருந்து தமிழ்ப் பேராசிரியர் ஆனவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அவருடைய நாவன்மை உரைநடையில் புகுந்து அழகு சேர்த்தது. ‘தமிழின்பம்’ என்னும் நூலுக்காக 1955இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

டி.கே. சிதம்பரநாத முதலியார் வேறு வழியில் நடந்தார். அறநிலையத் துறை ஆணையராகப் பதவி வகித்த அவர், தமிழ்க் கவிதையைப் பிழைப்பாக்கிக் கொள்ளவில்லை. திருநெல்வேலியில் தம் இல்லத்தில் ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்தை நடத்தி, நண்பர்களோடு கவிதை நயம் துய்த்தார்.

முன்னவர் இருவரும் தொழிலை மாற்றியபோது பழைய திறனையும் உடன் கொண்டுசென்றனர். மூன்றாமவர் விருப்பத்தைத் தொழிலுக்கு வெளியே வைத்து வளர்த்தார். பயன்படாத் திறன் மடிந்தே போகும் என்னும் எண்ணத்தை இவர்களின் வாழ்வு மறுக்கிறது. ஆயினும் நடுவில் பாதை மாறுதல் எல்லார்க்கும் எளிதன்று. பொருள்வசதி குறைந்தோர் முதற்படியிலேயே மிகுந்த கருத்துடன் தேர்தல் வேண்டும்.

எவ்வாறு தேர்வது? ‘எது எனக்குப் பிடிக்கும்?’ என்று மட்டும் வினவினால் பல விடைகள் கிடைக்கும். ‘எதன் சலிப்பை என்னால் தாங்க இயலும்?’ என்று வினவுங்கள், விடைகள் குறையும். அகராதிப் பணியில் புகழ் கிட்டும் நாள்கள் சில. சொற்களைச் சரிபார்க்கும் நாள்களோ பல. எல்லாத் தொழிலும் இத்தகையதே. அடுத்து, காலத்தைக் கருதுங்கள். விளையாட்டு இளமையிலேயே முழு உழைப்பைக் கேட்கும்; மருத்துவம் இடைவிடாத நெடும்படிப்பைக் கேட்கும். எழுத்தும் ஓவியமும் மாலைப்பொழுதுகளிலும் வளரும். காத்திருக்க இயலாததை முதலில் கைக்கொள்ளுங்கள். காத்திருக்கக் கூடியதற்கு வாரத்தில் சில மணிநேரமேனும் ஒதுக்குங்கள்.

பல மரங்களைக் கண்டது தச்சனின் குற்றமாகாது. வெட்டத் தொடங்காமையே குற்றம். ஒரு மரத்தில் உளியை வைத்தபின், மற்ற மரங்களைக் கண்டறிந்த அறிவும் அவனுக்குக் கைகொடுக்கும்.