போலீஸ் அக்காவிடம் சொன்னால் ரகசியம் நிற்குமா?

கோவை கல்லூரி மாணவிகளுக்குப் போலீசில் ஒரு அக்கா உண்டு!

2022-ம் ஆண்டு, பாலகிருஷ்ணன் மாநகர போலீஸ் கமிஷனராக இருந்தபோது வந்தது 'போலீஸ் அக்கா' திட்டம். கல்லூரிகளுக்கென்று பெண் போலீசார் ஒதுக்கப்பட்டார்கள். அக்காவின் செல்போன் நம்பர் மாணவிகள் கையில். எவனாவது பின்னால் வருகிறானா? போட்டோவை வைத்து மிரட்டுகிறானா? கல்லூரி பக்கம் கஞ்சா விற்கிறானா? ஒரு போன் போட்டால் போதும். பெயர் வெளியே வராது என்பதுதான் பேச்சு.

போலீஸ் ஸ்டேஷன் படியில் ஒரு பொண்ணு ஏறினால் தெருவே பார்க்கும். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் வேறு. மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் முதலீடு! அதனால்தான் போலீசே கல்லூரிக்குப் போனது.

பெயர் வெளியே வந்தது!

2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானார். அவர் முடங்கிவிடவில்லை. துணிந்து புகார் கொடுத்தார். 2 நாளில் ஆள் பிடிபட்டான். ஆனால் மாணவியின் விவரத்தோடு எப்.ஐ.ஆர். ஊரெல்லாம் சுற்றியது!

கம்ப்யூட்டர் கோளாறு என்று காரணம் சொன்னார்கள். ஐகோர்ட்டு விடவில்லை. 3 பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. மாணவிக்கு ரூ.25 லட்சம் இடைக்கால நஷ்டஈடு கொடுக்க அரசுக்கு உத்தரவு போட்டது. 2025 ஜூன் 2-ந் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 வருஷம் சலுகையே கிடையாது.

தண்டனை சரி. ஆனால் அந்த எப்.ஐ.ஆர். சுற்றியதைப் பார்த்த மற்ற பொண்ணுகள் வாயைத் திறப்பார்களா? பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் இருக்கத்தான் இருக்கிறது.

கல்லூரிகளும் லேசுப்பட்டவை அல்ல. 2015 யு.ஜி.சி. விதிப்படி புகார் கமிட்டி கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவ பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? 'காலேஜ் பேர் கெட்டுடும்மா' என்று சமாதானம் பேசி அனுப்பினால் அக்கா என்ன செய்வார்?

பெட்டிக்கடை சாட்சி

கல்லூரி வாசலில் எவன் தினமும் சும்மா நிற்கிறான் என்று முதலில் தெரிவது பெட்டிக்கடைக்காரருக்கு. அவர் சொல்வாரா? 2003 சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட், பீடி விற்கக்கூடாது. போலீசைக் கூப்பிட்டால் முதலில் போவது அவர் கடை சிகரெட் பாக்கெட்டாயிற்றே!

இன்னொன்றும் இருக்கிறது. போலீஸ் வேலையில் டிரான்ஸ்பர் சகஜம். புது அக்கா வருவார், நம்பர் மாறும். பழைய அக்காவிடம் பாதி சொன்ன பொண்ணு, மீதியை யாரிடம் சொல்வாள்?