முதல் பிளாஷ்: எண்ணைப் பார்த்தா, தேவையைப் பார்த்தா?

நல்லதொரு கேமரா வாங்கும் வசதி இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிவிட்டது. ஆனால் அதற்கு அடுத்து வாங்க வேண்டியது எது என்பதில் தெளிவு குறைவாகவே காணப்படுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மனநிறைவு தராதபோது, கேமராவின்மீது தனியே பொருத்தும் பிளாஷ் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அதன்பின், பெட்டியின்மீது அச்சிடப்பட்ட பெரிய எண்ணும் விற்பனைத் தளம் காட்டும் தவணைச் சலுகையுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே முறை என்பது நம் கருத்து.

தனிப் பிளாஷ் எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கேமராவோடு இணைந்து வரும் சிறு பிளாஷ், லென்சுக்கு மிக அருகில் இருந்து நேராக முகத்தில் ஒளியைப் பாய்ச்சுகிறது. அதனால் கண்கள் சிவக்கின்றன, முகம் தட்டையாகிறது, பின்சுவரில் கூரிய நிழல் விழுகிறது. தனிப் பிளாஷின் முதற்பயன் அதன் வலிமை என்று பலர் எண்ணுகின்றனர். மேலும் கீழும் சாய்ந்து, இருபுறமும் திரும்பக்கூடிய அதன் தலையே முதற்பயன் என்போம் நாம். வெண்ணிறக் கூரையை நோக்கித் தலையைத் திருப்பினால், கூரை முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறி மென்மையான ஒளியைப் பொழிகிறது. எனவே தலை திரும்பாத பிளாஷை, விலை எவ்வளவு மலிவாயினும், தொடக்கநிலையினர் தவிர்க்க வேண்டும். ஆயினும் வண்ணத் துணி வேய்ந்த ஷாமியானாவில் இம்முறை பயன்படாது. துணியின் நிறம் மணமக்களின் முகத்தில் படிந்துவிடும். உயர்ந்த கூரை கொண்ட மண்டபத்தில் ஒளி திரும்பி வருமுன் வலுவிழந்துவிடும். அத்தகைய இடங்களில், பிளாஷின் தலையில் மாட்டும் சிறு வெள்ளை அட்டையோ ஒளிபரப்பியோ கைகொடுக்கும்.

அடுத்தது பெட்டியின்மீதுள்ள எண். கைடு நம்பர் எனப்படும் இந்த எண்ணை லென்சின் துளை அளவால் வகுத்தால், ஒளி எட்டும் தூரம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100இல் 60 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட பிளாஷ், எஃப் 8 துளையில் ஏழரை மீட்டர் வரை எட்டும். ஆனால் தயாரிப்பாளர் பலர் இந்த எண்ணை, ஒளிக்கற்றையை மிகக் குறுக்கிய 105 அல்லது 200 மில்லிமீட்டர் நிலையில் அளந்தே அச்சிடுகின்றனர். குடும்பப் படத்துக்காகக் கற்றையை விரித்தால் எண் வெகுவாகக் குறைந்துவிடும். இரு பிளாஷ்களை ஒப்பிட வேண்டுமாயின், ஒரே ஐஎஸ்ஓவிலும் ஒரே கற்றை நிலையிலும் அளந்த எண்களையே ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிடும்போதும் ஒரு கணக்கை மறத்தலாகாது: எண் 40இலிருந்து 56ஆக உயர்ந்தால் ஒளி இருமடங்காகிறது, 56இலிருந்து 60ஆக உயர்ந்தால் ஏறத்தாழ 15 விழுக்காடே கூடுகிறது. படத்தில் கண்ணுக்குப் புலப்படாத அந்த வேறுபாட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது சிக்கனமாகாது.

மூன்றாவது, பொருத்தம். பிளாஷ் அமரும் ஹாட் ஷூ பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் தொடுமுனைகள் வேறுபடும். கேனான், நிக்கான், சோனி ஆகியவற்றுக்கான டிடிஎல் பிளாஷ்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பயன்படா. நடுவிலுள்ள தொடுமுனையை மட்டும் நம்பி இயங்கும் எளிய கையியக்கப் பிளாஷ்கள் பெரும்பாலான கேமராக்களில் இயங்கும். ஆனால் கேனானின் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகிய தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த நடு முனையே இல்லை. அவற்றை வைத்திருப்போர் மலிவான கையியக்கப் பிளாஷை வாங்கிப் பொருத்தினால் அது மின்னாது. கேனானுக்கென வடிவமைத்த டிடிஎல் பிளாஷையே அவர்கள் நாட வேண்டும். கேமராவைக் கையோடு கடைக்கு எடுத்துச்சென்று, பொருத்தி, மின்னச் செய்து பார்த்தபின் பணம் கொடுப்பதே பாதுகாப்பு.

டிடிஎல் வேண்டுமா, கையியக்கம் போதுமா என்ற வினாவுக்கு நம் விடை, வாங்குவோரின் நோக்கத்தைப் பொறுத்தது. டிடிஎல் முறையில், படம் எடுக்கும் கணத்துக்குச் சற்று முன் சிறு ஒளி மின்னி, திரும்பி வரும் ஒளியைக் கேமரா அளந்து, தேவையான அளவைத் தானே தீர்மானிக்கிறது. மேசைப் பொருள்களையும் வீட்டாரையும் பொறுமையாகப் படமெடுத்துப் பயில்வோருக்கு இது கட்டாயமில்லை. கையியக்கத்தில் அளவைத் தாமே மாற்றிப் பழகும்போது, தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்ற இயற்பியல் விதி அனுபவமாகவே மனத்தில் பதிகிறது. திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொள்ள எண்ணுவோருக்கோ டிடிஎல் அவசியம். வரமாலை மாற்றும் தருணத்தில் மணமக்களும் நகர்வர், படமெடுப்பவரும் நகர்வார். கணக்கிட அங்கே நேரமில்லை.

அத்தருணத்தில் காத்திருக்கவும் நேரமில்லை. நான்கு ஏஏ மின்கலங்களில் இயங்கும் பிளாஷ், முழு வலிமையில் ஒருமுறை மின்னியபின் மீண்டும் ஆயத்தமாகச் சில நொடிகள் ஆகும். கலங்கள் தளரத் தளர இந்த இடைவெளி நீளும். லித்தியம் மின்கலத் தொகுதி கொண்டவை விரைவில் ஆயத்தமாகும். விலையும் அதற்கேற்ப உயரும். பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கு, மீண்டும் மின்னேற்றத்தக்க தரமான நிக்கல் கலங்கள் இரண்டு தொகுதி இருந்தால் போதும். தொழிலுக்கு லித்தியமே உகந்தது. மாற்றுத் தொகுதி ஒன்றும் உடன் இருத்தல் நலம். ரேடியோ ஏற்பி உள்ளடங்கிய பிளாஷாக இருந்தால், நாளை இரண்டாவது பிளாஷ் வாங்கும்போதும் முதலாவது வீணாகாது.

இனி பணத்தைப் பற்றி. வட்டியில்லாத் தவணை என விளம்பரப்படுத்தப்படும் சலுகையில், வட்டிக்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. வட்டி இல்லாமற் போவதில்லை. கடன் அட்டைத் தவணையில் அவ்வட்டிமீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு; பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமும் சேரும். முழுப்பணம் செலுத்துவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியையும் எதிரே வைத்துப் பார்த்தால் உண்மை விலை விளங்கும். பொழுதுபோக்குக்காக வாங்குவோர் சில மாதங்கள் சேமித்து வாங்குவதே சிறப்பு. முன்பதிவு பெற்றுத் தொழில் தொடங்குவோர் கடன் நாடுவதில் தவறில்லை. பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடனுக்கு விண்ணப்பிக்கலாம். எனினும் பிளாஷ், மின்கலம், நிலைத்தாங்கி எனத் தேவையைப் பட்டியலிட்டு, கையிலுள்ள பணிகளின் வருவாயைக் கொண்டு தவணையை அடைக்க இயலுமா என்று கணக்கிட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.

தில்லி சாந்தினி சௌக், மும்பை போரா பஜார் போன்ற சந்தைகளில் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆயினும் ரசீதின்றி வாங்கிய பொருளுக்கு உத்தரவாதம் கோர இயலாது. பழுது நேரின் செலவு முழுவதும் வாங்கியவரையே சாரும். பிலிம் காலத்துப் பழைய பிளாஷ்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவற்றுட் சில செலுத்தும் உயர் மின்னழுத்தம் இன்றைய டிஜிட்டல் கேமராவின் மின்சுற்றையே பழுதாக்கக்கூடும்.

பெருநகரங்களில் பிளாஷ்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தாம் வழக்கமாகப் படமெடுக்கும் அதே கூடத்தில், அதே மாலை வெளிச்சத்தில் பயன்படுத்திப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திரும்பும் தலை, கேமராவுக்கேற்ற பொருத்தம், கையால் அளவை மாற்றும் வசதி ஆகிய மூன்றும் அமைந்த பிளாஷ் நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. எஞ்சும் தொகையை நல்ல மின்கலங்களுக்கு ஒதுக்குவோம். எஞ்சும் மாலைகளைப் பயிற்சிக்கு ஒதுக்குவோம்.