பஞ்சுப் பனியும் ஐந்து-ஏழு-ஐந்தும்

டிசம்பர் வந்தால் கொழும்பில் இரண்டு இடத்தில் பனி கொட்டும். ஒன்று, கொள்ளுப்பிட்டிக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால், கிறிஸ்மஸ் மரத்தில் ஒட்டின பஞ்சாக. மற்றது, எங்கட ஆக்கள் எழுதுற ஹைக்கூவில். பஞ்சை ஜனவரியில் கழற்றிப் பெட்டிக்குள்ள வைத்துவிடுவார்கள். ஹைக்கூவைத்தான் ஒண்டும் செய்ய முடியாமல் இருக்கு.

வெளியில் 30 பாகை வெயில். மூன்று வரிக்குள்ள மட்டும் வெண்பனி மூடிய பாதை, இலை உதிர்ந்த மரம், கிளையில் தனியாக ஒரு காகம். இதை எழுதினவர் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிண்டு வியர்த்தவர்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கவிதைப் போட்டி அறிவிப்பு கைபேசிக்கு வந்தது. தலைப்பு: குளிர்காலம். விதி: முதல் வரி ஐந்து எழுத்து, இரண்டாவது ஏழு, மூன்றாவது ஐந்து. மெய்யெழுத்தை எண்ணக் கூடாது. பிசகினால் நிராகரிக்கப்படும். யார் நடத்தினது எண்டது இங்க முக்கியமில்லை. இப்படிப் பலர் நடத்துகிறார்கள். எழுத்தை எண்ணச் சொன்னவர்கள், யாருடைய குளிர்காலம் எண்டு கேட்கவே இல்லை. என்னுடைய சண்டை அதோடதான்.

முதலில் எண்ணிக்கைக்கு வருவம். ஜப்பானில் எண்ணுவது எங்கட எழுத்தையும் இல்லை, ஆங்கிலத்தின் சிலபிளையும் இல்லை. அவர்கள் எண்ணுவதை 'ஓன்' என்கிறார்கள். அது ஒலியின் கால அளவு. நெடில் வந்தால் இரண்டு. சொல்லுக்குள்ள ஒற்று இரட்டித்தால் அதற்கும் ஒன்று. கடைசியில் 'ன்' வந்தால் அதற்கும் ஒன்று. அந்த நாட்டின் பெயரையே எடுங்கள்: நிப்பொன். அவர்களுக்கு அது நாலு. எங்கட அசைக்கணக்கில் இரண்டு. மாத்திரையில் மூன்று. போட்டி விதிப்படி மெய்யை விட்டால் திரும்ப இரண்டு. இப்ப எங்கட ஊருக்கு வாங்க. கொள்ளுப்பிட்டி: மெய்யோட ஏழு எழுத்து, மெய்யில்லாமல் நாலு, அசை நாலு, மாத்திரை ஐந்தரை. எந்தக் கணக்கை வைத்து எதை நிராகரிக்கப் போறீங்க?

தமிழுக்கு அளவு தெரியாது எண்டு இல்லை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை எண்டு நுணுக்கமாக அளந்த மொழி இது. ஏழே சீரில் ஒரு குறள் முடியும். அப்படிப்பட்ட மொழியில் எழுதுறவன், இன்னொரு மொழியின் அளவுகோலை அரைகுறையாக வாங்கி விரல் மடிச்சு எண்ணிக்கொண்டு இருக்கிறான். பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். அவரைப் பிடித்து நிறுத்தியது அதன் சுருக்கம். நாங்கள் நூறு வருசம் கழிச்சு எழுத்தெண்ணிக்கையில் வந்து நிற்கிறம்.

சரி, எண்ணிக்கை தளரலாம், தளரட்டும். ஹைக்கூவில் தளராத ஒரு விசயம் உண்டு: பருவச்சொல். மரபான ஹைக்கூவில் ஒரு சொல்லாவது இது எந்தக் காலம் எண்டு காட்டிக்கொடுக்க வேணும். ஜப்பானியர் அதை 'கிகோ' என்கிறார்கள். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு எண்டு தொகுத்த அகராதிகளே வைத்திருக்கிறார்கள். மூன்று வரி போதுமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். மிச்சத்தை வாசிக்கிறவனின் உடம்பு ஏற்கெனவே அறிந்திருக்கும். குளிர் தெரிஞ்சவனுக்குத்தான் 'பனி' எண்ட ஒரு சொல் போதும். தெரியாதவனுக்கு அது கடைக்கண்ணாடிப் பஞ்சுதான்.

பனி எண்ட சொல்லே எங்களிடம் வேற. புல்லில் நிற்கிற நீர்த்துளி பனி, விடியக்காலைக் குளிர் பனி, கண்ணை மறைக்கிறது மூடுபனி. வானத்திலிருந்து கொட்டுற வெள்ளைச் சாமானுக்கு, ஸ்கார்பரோவில் அதை வழிச்சுத் தள்ளுற எங்கட சொந்தக்காரர் கூட 'ஸ்னோ' எண்டுதான் சொல்கிறார்கள். அவர்கள் அதைப் பற்றி எழுதட்டும். அது அவர்கள் முதுகு நோக உழைச்சு வாங்கின சொல்.

எங்களுக்குக் குளிர்காலம் இல்லையா? இருக்கு. பழைய இலக்கணம் பெரும்பொழுதை ஆறாகப் பிரிச்சு வைத்திருக்கு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிரைக் குறிஞ்சிக்குக் கொடுத்து, அதோட நள்ளிரவையும் சேர்த்து, ஒரு காலத்தைச் சொன்னால் ஒரு மனநிலை வரும் எண்டு கட்டி வைத்தார்கள். 'அப்ப ஹைக்கூவை நாங்கதான் கண்டுபிடிச்சம்' எண்டு சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெருமைப்பேச்சு எனக்கும் அலுப்பு. கையில் இருக்கிற சாமானைத் தூசு தட்டிப் பாவியுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

இந்தக் கூதிரும் முன்பனியும் அழகான காலம் மட்டும் இல்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது கூதிரில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்ததும் கூதிரில். மலையகத்தில் மண் சரிந்தது, களனி பெருகிக் கொழும்பின் ஓரங்களை மூடியது, நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அதே வாரம் கொழும்பு மங்கிக் கிடந்தது. பார்க்க மூடுபனி மாதிரி. உண்மையில் அது மாசு. வடகீழ்க் காற்று துணைக்கண்டத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த அழுக்கு எங்கட வாகனப் புகையோட சேர்ந்தது. டிசம்பர் 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதைப் பார்த்து 'பனி போர்த்திய நகரம்' எண்டு எழுதுறவர் வானத்தையும் பார்க்கவில்லை, மூச்சும் விடவில்லை.

'கவிஞனுக்குக் கற்பனை உரிமை இல்லையா?' எண்டு கேட்பீர்கள். தாராளமாக இருக்கு. காணாத பனியைக் கனவு காணலாம், ஏங்கலாம், நக்கலடிக்கலாம். அந்தப் பஞ்சுப் பனியைப் பற்றியே எழுதலாம், அது கொழும்பின் உண்மையான பருவக்காட்சி. ஆனால் எல்லாருடைய கற்பனையும் ஒரே காலண்டர் படத்தில் போய் நிற்கிறதெண்டால் அதுக்குப் பெயர் கற்பனை இல்லை, பழக்கம்.

பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியரின் வழி எனக்குப் பிடிக்கும். அந்த நாட்டில் பருவம் தலைகீழ். பழைய அகராதி உதவாது. மசுதா கோகா, தெருகோ ஓடா போன்றவர்கள் உட்கார்ந்து பிரேசிலின் பூ, பழம், காற்று எல்லாவற்றையும் பருவச்சொல்லாகத் தொகுத்தார்கள். ஜப்பானியரே ஊர் மாறினால் சொல்லை மாற்றுகிறார்கள். நாங்கள் ஊரை விட்டு அசையாமல் சொல்லை மட்டும் இறக்குமதி செய்யிறம்.

எங்களுக்கும் அப்படியொரு தொகுப்பு வேணும். ஐப்பசிப் பின்னேர இடி. நிரம்பி வழியுற கான். மழை விட்ட பிறகு வருகிற நுளம்பு. மூன்று நாளாகக் காயாத சீருடை. வைகாசியில் இருந்து சீறின கடல் அடங்கிப் படுத்திருக்கிற மார்கழி, கொள்ளுப்பிட்டி ஸ்டேசனில் நிண்டால் தெரியும். நுவரெலியாத் தோட்டத்தில் தைமாதக் காலையில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிற உறைபனி. அங்க பனி எண்டால் அழகு இல்லை, அண்டைய கொழுந்து நிறை. பிறகு, கார்த்திகைப்பூ. அந்த ஒரு சொல்லை எழுதினால் என்ன மாசம், என்ன மழை, யாருடைய நினைவு எண்டு எங்களில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. பருவச்சொல் வேலை செய்கிற விதம் அதுதான்.

அடுத்த போட்டிக்கு விதி எழுதுறவர்கள் எழுத்தெண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போடட்டும்: உங்கட ஊரில், இந்த மாசத்தில் மட்டும் இருக்கிற ஒரு பொருள் கவிதைக்குள்ள இருக்க வேணும். தொகுப்பை நாங்கள் இந்த ஐப்பசியில் தொடங்கலாம், ஆளுக்கு ஒரு சொல்லாகக் கொண்டு வாங்க. முதல் சொல்லை நான் தாறன்: தாழமுக்கம்.