தெர்மாமீட்டர் குத்து!

ஒரு சனிக்கிழமை, நண்பனின் ஆபீஸ் கோஷ்டியோடு கொடைக்கானல் பயணம். வத்தலக்குண்டு தாண்டியதும் வேனுக்குள் ஒரே ஆட்டம். அக்கவுண்ட்ஸ் தம்பி ஒருவன் நிக்கி மினாஜின் 'அனகோண்டா'வை அலறவிட்டான்.

"என்னப்பா பாடறாங்க?"

"டான்ஸ் பாட்டுக்கு வார்த்தை எதுக்குண்ணே? பீட் போதும்!"

"இதே மெட்டுல கொடைக்கானலுக்கே ஒரு பாட்டு இருக்கு, தெரியுமா?"

"ஹனிமூன் பாட்டா?"

இல்லை சாமி, தெர்மாமீட்டர் பாட்டு! ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஃபாக்டரி அங்கே இருந்தது. அதன் பாதரசக் கழிவு காயலான் கடையில் கிடக்க, ஊரே கொதித்தது. 2001-ல் ஃபாக்டரி மூடல். 'பாதரசத்தால்தான் உடம்பு கெட்டது' என்றார்கள் தொழிலாளர்கள். 'இல்லவே இல்லை' என்றது கம்பெனி. அப்புறம் மனு, ஊர்வலம், கோர்ட்டு... வருஷங்கள்தான் ஓடின.

2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், 'அனகோண்டா' மெட்டில் 'கொடைக்கானல் வோன்ட்' என்று ஒரு ராப் விட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது.

பாட்டு மட்டுமே சாதித்ததா? சேச்சே! பதினஞ்சு வருஷம் இழுத்த தேரை, பாட்டும் ஒரு கை பிடித்துத் தள்ளியது.

வேனில் அந்தப் பாட்டைப் போட்டேன். எல்லோரும் ஆட எழுந்தார்கள். தம்பி மட்டும் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா... வார்த்தை கேட்கலை!"